தாரா வேட்டைக்கு எந்தத் தோட்டா? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நாங்குநேரிப் பக்கம் பிறந்து, வேலைக்காக அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். ஆர்கன்சாவும் நெல் விளைகிற பூமிதான். அறுப்பு முடிந்த வயலில் தண்ணீர் கட்டிவிட்டால், குளிர்காலத்தில் தாராக் கூட்டம் வந்து இறங்கும். தாரா என்று நான் சொல்வது ஆங்கிலத்தில் டக், வாத்து என்று சொல்வது அதைவிடப் பெரிய கூஸ். கூட வேலை பார்த்தவர்களோடு வேட்டைக்குப் போய்ப் போய் எனக்கும் பழகிவிட்டது. ஊருக்கு வந்ததிலிருந்து இரண்டு தரப்பு என்னை விடுவதில்லை. ஒன்று, அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கிற நம் பிள்ளைகள். இன்னொன்று, தாத்தா காலத்து லைசென்ஸ் துப்பாக்கியை இன்னும் வீட்டில் வைத்திருக்கிற பாளையங்கோட்டை, வள்ளியூர்க்காரர்கள். வாட்ஸ்அப்பில் ஒரே பதிலைப் பத்துப் பேருக்குத் தட்டி விரல் தேய்ந்ததால் மொத்தமாக இங்கே எழுதிவிட்டேன். ரவை என்று நான் சொல்வது தோட்டாவுக்குள் இருக்கும் குண்டுமணிகளை, உப்புமா ரவையை அல்ல.

அண்ணாச்சி, நம்ம ஊரு குளத்துல தாரா நிறைய கிடக்கு. எந்தத் தோட்டா வாங்கலாம்?

எதுவும் வாங்க வேண்டாம். இந்தியாவில் தாரா சுடுவது குற்றம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது லைசென்ஸ் எடுத்துச் சில பறவைகளை வேட்டையாட வழி இருந்தது. 1991 திருத்தத்தில் அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள். குளம் ஊர்ப் பொதுவா, சொந்தப் பட்டாவா, துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்பதெல்லாம் கணக்கில் வராது. பிடித்தால் ஜெயில் வரை போகும்.

சட்டம் கிடக்கட்டும். கூந்தன்குளத்துக்காரர்கள் பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடியே போடாதவர்கள். 1994-இல் அரசு அதைச் சரணாலயமாக அறிவித்ததற்கு வெகுகாலம் முன்பே, வீட்டு முற்றத்து மரத்தில் கூடு கட்டுகிற பறவையைப் பிள்ளை மாதிரி பார்த்தவர்கள். இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து வந்து தங்குகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதீர்கள். கீழே வரும் பதில் எல்லாம் வேட்டைக்கு அனுமதி உள்ள நாட்டில் இருப்பவர்களுக்கும், விஷயம் தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்களுக்கும் மட்டும்.

12 போர், 20 போர்னு சொல்றாங்களே, 20தானே பெருசு?

இல்லை, நேர் தலைகீழ். ஒரு பவுண்டு காரீயத்தைப் பன்னிரண்டு சமமான உருண்டையாக உருட்டினால் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாக நுழையுமோ அதுதான் 12 போர். குழல் விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். இருபது உருண்டையாக்கினால் ஒவ்வொன்றும் சிறுத்துவிடும், அதனால் 20 போர் குழல் 15.6 மில்லிமீட்டர்தான். தாரா வேட்டையில் பெரும்பாலானவர்கள் கையில் இருப்பது 12.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது, மறக்கவே கூடாது. 20 போர் தோட்டாவைத் தவறி 12 போர் துப்பாக்கியில் போட்டால் அது உள்ளே வழுக்கிப்போய் குழலில் மாட்டிக்கொள்ளும். பின்பக்கம் பார்த்தால் காலியாகத் தெரியும். மேலே ஒரு 12 தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்து இடது கை போகும். இதற்காகத்தான் 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுப்பது வழக்கமானது. இரண்டு போர் தோட்டாவையும் ஒரே பையில் போடாதீர்கள்.

டப்பா மேல 3, ஒண்ணேகால், 2, 1450-னு என்னென்னவோ போட்டிருக்கு மாமா. எதைத்தான் பாக்க?

நான்கையும் பார்க்க வேண்டும், ஆனால் நான்கும் சமம் இல்லை. 3 என்பது தோட்டாவின் நீளம், அங்குலத்தில். ஒன்றேகால் என்பது உள்ளே இருக்கிற ரவையின் மொத்த எடை, அவுன்ஸில். 2 என்பது ரவையின் நம்பர், அதாவது ஒரு மணியின் பருமன். 1450 என்பது குழலை விட்டு வெளியே வரும் வேகம், வினாடிக்கு இத்தனை அடி என்று.

கடையில் எல்லோருக்கும் கண் முதலில் வேகத்தில்தான் போகும். பைக் வாங்கும்போது டாப் ஸ்பீடு கேட்கிற மாதிரி. நான் முதலில் பார்ப்பது டப்பாவில் ஸ்டீல் என்றோ, ஈயம் இல்லாதது என்றோ எழுதியிருக்கிறதா என்பதை. இரண்டாவது ரவை நம்பர். மற்றவை அதற்கு அப்புறம்தான்.

எங்க தாத்தா ஈய ரவையிலதான் சுட்டாரு. இப்ப மட்டும் என்ன கேடு வந்துச்சு?

கேடு அப்போதும் இருந்தது, யாரும் எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஒரு தோட்டாவில் நூறு, இருநூறு ரவை போகிறது, பறவையில் படுவது நாலைந்து. மிச்சமெல்லாம் குளத்துச் சேற்றில் விழுந்து வருஷக்கணக்கில் கிடக்கும். தாராவுக்குப் பல் கிடையாது, நம் கோழி மாதிரி சிறு கல்லை விழுங்கி அரைவைப்பையில் வைத்துத்தான் தானியத்தை அரைக்கும். கல் என்று நினைத்தோ விதை என்று நினைத்தோ ரவையை விழுங்கினால், கல் அரைக்க, வயிற்று அமிலம் கரைக்க, ஈயம் ரத்தத்தில் ஏறும். ஒன்றிரண்டு ரவையே ஒரு தாராவைக் கொல்லப் போதும். சிறகு தொங்கிப்போய், தின்ன முடியாமல், மெலிந்து மெலிந்து சாகும். அதைத் தின்கிற கழுகும் சேர்ந்து சாகும்.

1959-இல் ஃபிராங்க் பெல்ரோஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், நாட்டின் நீர்ப்பறவைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று வருஷா வருஷம் இப்படியே சாகிறது என்று கணக்குச் சொன்னார். அதற்கு அப்புறமும் முப்பது வருஷம் இழுபறி. 1991-லிருந்து அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை கூடாது. கனடா 1999-இல் நாடு முழுவதும் அதைக் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 பிப்ரவரியிலிருந்து நீர்நிலை ஓரங்களில் தடை.

அப்படிப் பார்த்தா நாம ஈயச் சொம்புலதான ரசம் வைக்கோம்? நமக்கு ஒண்ணும் ஆவலியே?

இந்தக் கேள்வியைக் குறைந்தது ஆறு பேர் கேட்டிருக்கிறார்கள், எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வியும் இதுதான். நம் பேச்சில் ஈயம் என்று இரண்டு உலோகத்தையும் சேர்த்துச் சொல்கிறோம். ரசச் சொம்பு வெள்ளீயம், பாத்திரத்துக்குப் பூசுவதும் அதுதான். ரவையில் இருப்பது காரீயம், வலையில் கோக்கிற குண்டுகூடக் காரீயம். விஷம் காரீயத்தில். நல்ல வெள்ளீயச் சொம்பு என்றால் பயமில்லை, மலிவுக்குக் காரீயம் கலந்து விற்றால் அது வேறு கதை.

இரும்பு லேசாச்சே அண்ணாச்சி, தாரா விழுமா?

விழும். நான் பார்த்திருக்கிறேன். ஆனால் கேள்வியில் நியாயம் இருக்கிறது. காரீயம் தண்ணீரைவிடப் பதினோரு மடங்கு கனம், ஸ்டீல் ஏறக்குறைய எட்டு மடங்கு. ஒரே பருமனில் இரண்டையும் எடுத்தால் ஸ்டீல் மணி காரீயத்தின் எடையில் பத்துக்கு ஏழு பங்குதான் இருக்கும். லேசான மணி காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். வேப்பங்கொட்டையையும் அதே அளவு கல்லையும் எறிந்து பார்த்தால் தெரியும்.

இதற்கு இரண்டு மருந்து. ஒன்று, மணியைப் பெரிதாக்குவது. காரீயத்தில் எடுப்பதைவிட இரண்டு நம்பர் பெரியதாக ஸ்டீலில் எடு என்பது அங்கே வழக்கு. ஸ்டீல் 2 மணியும் காரீய 4 மணியும் எடையில் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டாவது, வேகத்தைக் கூட்டுவது. அதனால்தான் டப்பாவில் 1400, 1500 என்று போடுகிறார்கள். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதை யாரும் விற்க முடியாது: கிட்டத்தில் சுடுவது. 35 கெஜத்துக்குள் என்றால் ஸ்டீல் குறை சொல்லாது. ஸ்டீல் சரியில்லை என்று அங்கே என்னிடம் புலம்பியவர்களில் முக்கால்வாசிப் பேர் அறுபது கெஜத்தில் வானத்தைச் சுட்டவர்கள்.

சரி, எந்த நம்பர் வாங்கட்டும்? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

நம்பர் கூடினால் மணி சிறுக்கும், முதலில் இதை மனசில் வையுங்கள். அமெரிக்கக் கணக்கில் 17-லிருந்து நம்பரைக் கழித்தால் வருவது விட்டம், அங்குலத்தின் நூறில் ஒரு பங்கில். 2 என்றால் 15, அதாவது 0.15 அங்குலம். 4 என்றால் 0.13. நம்பர்களுக்கு மேலே எழுத்தில் வருகிற பருமன்களில் ஒன்று பிபி, அது 0.18.

சிறகி மாதிரிச் சின்னது என்றால் ஸ்டீல் 4. அங்கே அதிகம் வருகிற பச்சைத்தலைத் தாராவுக்கு 2 அல்லது 3. கனடா வாத்து மாதிரி நாலைந்து கிலோ எடையுள்ளதற்கு பிபி. ஒரே டப்பாதான் வாங்குவேன் என்றால் ஸ்டீல் 2. பெரிய மணி என்றால் நல்லதுதானே என்று பிபிக்குத் தாவாதீர்கள். ஒன்றேகால் அவுன்ஸில் ஸ்டீல் 2 மணி 155 போல இருக்கும், பிபி என்றால் 90 தான். மணி குறையக் குறைய நடுவில் ஓட்டை விழும், அந்த ஓட்டை வழியாகவே தாரா பறந்து போய்விடும்.

எங்க பெரியப்பா பழைய டப்பால நம்பர் 4-னு இருக்கு. அமெரிக்காவுல இருக்க 4-ம் அதுவும் ஒண்ணுதானா?

ஒன்றில்லை. நம் நாட்டில் எல்ஜி, எஸ்ஜி என்ற பெரிய மணிகளில் தொடங்கி 4, 6 என்று போவது பிரிட்டிஷ் வழிக் கணக்கு. பிரிட்டிஷ் 4 மணி 3.1 மில்லிமீட்டர், அமெரிக்க 4 மணி 3.3. கிட்டத்தட்ட ஒரு நம்பர் தள்ளி நிற்கும். பிபியும் அப்படித்தான், இங்கே 4.1, அங்கே 4.57. ஆகவே தாத்தா அனுபவத்தில் சொன்ன நம்பரை அப்படியே கடலைத் தாண்டிக் கொண்டுபோகாதீர்கள். மில்லிமீட்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூணரை இன்ச் தோட்டா வந்திருக்காமே. பெருசா வாங்கினா தொல்லை விட்டுச்சுல்லா?

தொல்லை தோளுக்கு மாறும். 2¾, 3, 3½ என்று மூன்று நீளம் 12 போரில் உண்டு. நீளம் கூடினால் ரவை கூடும், உதைப்பும் கூடும், விலையும் கூடும். நான் ஒரு சீசன் மூன்றரை வாங்கிப் பார்த்தேன். மூன்றாவது வெடியிலேயே தோள் தன்னால் சுருங்க ஆரம்பித்துவிட்டது, விசை இழுக்கும் முன்பே கண் மூடுகிறது. அந்த வருஷம் நான் தவறவிட்ட மாதிரி எப்போதும் விட்டதில்லை. அப்புறம் மூன்று அங்குலத்துக்குத் திரும்பினேன், அதுவே எனக்குப் போதும். வாத்துக்கு மட்டும் சிலர் மூன்றரை வைத்திருப்பார்கள், அது அவரவர் தோள்.

துப்பாக்கிக் குழலில் எத்தனை அங்குலம் என்று வெட்டியிருக்கிறதோ அதற்கு மேல் போடவே கூடாது. தோட்டாவின் நீளம் என்பது சுட்டு வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். சுடுவதற்கு முன் வாய் மடிந்து குட்டையாக இருப்பதால் நீளத் தோட்டாவும், குழலின் அடியில் தோட்டா உட்காருகிற குட்டை அறைக்குள் அழகாக நுழைந்துவிடும். நுழைந்தது, அதனால் சரி என்று நினைப்பான் ஆள். சுட்டால் வாய் விரிய இடம் இல்லாமல் அழுத்தம் எகிறும்.

சோக் எது வைக்கணும்? ஃபுல் சோக் வச்சா தூரமா போகுமாமே?

சோக் என்பது குழலின் நுனியில் வைக்கும் இடுக்கம். ரவையைத் தூரமாக அனுப்பாது, சிதறாமல் சேர்த்து அனுப்பும். தோட்ட ஹோஸ் நுனியை விரலால் அமுக்குகிற மாதிரி என்று பலர் உவமை சொல்வார்கள், பாதிதான் சரி. காரீயக் கணக்கில் 40 கெஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் இறுகிய ஃபுல் சோக் நூற்றுக்கு 70 மணியை வைக்கும், அதைவிடத் தளர்ந்த மாடிஃபைடு 60, இன்னும் தளர்ந்த இம்ப்ரூவ்டு சிலிண்டர் 50.

ஸ்டீல் கெட்டியானது, குழலுக்குள் நசுங்காது, நசுங்காத மணி நேராகப் போகும். அதனால் ஒரு படி தளர்ந்த சோக்கே போதும். ஸ்டீலுக்கு மாடிஃபைடு வைத்தால் காரீயத்துக்கு ஃபுல் வைத்ததுபோல அடிக்கும். பெரிய ஸ்டீல் மணியை இறுகிய ஃபுல் சோக்கில் திணித்தால் சோக்கும் போகும், குழலும் வீங்கும். மரத்துக்கு நடுவே, இருபது கெஜத்தில் இறங்குகிற தாரா என்றால் இம்ப்ரூவ்டு சிலிண்டர்.

இதெல்லாம் வாய்க்கணக்கு. பெரிய தாள் ஒன்றை ஒட்டி, நீங்கள் உண்மையில் சுடும் தூரத்தில் வைத்து, ஒரே தோட்டாவை மூன்று தடவை சுட்டு ஓட்டைகளை எண்ணுங்கள். ஒரே பெயர் போட்ட இரண்டு கம்பெனித் தோட்டா ஒரே துப்பாக்கியில் வேறு வேறு விதமாக விரியும். என் துப்பாக்கிக்கு விலை கூடின தோட்டா சல்லடை மாதிரி ஓட்டை விட்டது, மலிவு டப்பா சந்தனம் பூசின மாதிரி சமமாக விழுந்தது. இதை எந்தக் கடைக்காரரும் முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது.

பிஸ்மத், டங்ஸ்டன்னு விக்காங்களே, அது என்ன?

ஈயத் தடைக்குப் பின் வந்த மாற்று உலோகங்கள். பிஸ்மத் தண்ணீரைவிடச் சுமார் 9.6 மடங்கு கனம், ஸ்டீலுக்கும் காரீயத்துக்கும் நடுவில். மென்மையானது, அதனால் பழைய குழலுக்கும் ஆகும். டங்ஸ்டன் கலவையில் 18 மடங்கு வரை போகும், காரீயத்தையே தூக்கிச் சாப்பிடும், சின்ன மணியே போதும். விலை மட்டும் ஒவ்வொரு வெடிக்கும் ஒரு தட்டு பிரியாணி காற்றில் போகிற மாதிரி இருக்கும். புதிதாகத் தொடங்குபவர் ஸ்டீலிலேயே பழகுங்கள்.

தாத்தாவோட ரெட்டைக்குழலை அங்க கொண்டுபோயி ஸ்டீல் போட்டுச் சுடலாமா?

கொண்டுபோகிற சட்டச் சிக்கலை விடுங்கள், தோட்டா விஷயத்திலேயே பதில் கூடாது என்பதுதான். பழைய ரெட்டைக்குழல்கள் மென்மையான காரீயத்துக்காகச் செய்தவை, பெரும்பாலும் ஒரு குழல் இறுகிய சோக். ஸ்டீல் மணி அந்த இடுக்கத்தில் போய் முட்டும். குழலில் வளையம் வளையமாக, மரத்து ரேகை மாதிரி கோலம் தெரிந்தால் அது முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழல். அதில் இன்றைய தோட்டா எதையும் போடாதீர்கள், பிஸ்மத்கூட வேண்டாம். அறை நீளமும் பலவற்றில் இரண்டரை அங்குலம்தான், மூன்றரை அங்குலக் கேள்வியில் சொன்ன ஆபத்து இங்கே அப்படியே பொருந்தும். நல்ல நிலையில் இருக்கிற ஸ்டீல் குழல் என்றால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டி, அவர் சரி என்றால் அறை நீளத்துக்குப் பொருந்தும் பிஸ்மத். இல்லாவிட்டால் சுவரில் மாட்டுங்கள், அழகாக இருக்கும்.

நான் எச்-1பி விசாவுல இருக்கேன். இதெல்லாம் எனக்கு முடியுமா?

அந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்க மத்தியச் சட்டத்தின் பொது விதி. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. ஆகவே நண்பர் துப்பாக்கியைச் சும்மா கையில் வாங்குவதற்கு முன்பே லைசென்ஸ் எடுக்க வேண்டும், வரிசை மாறினால் விசாவுக்கே வினை. கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் கூடுதல் விதி இருக்கும், விசா விஷயத்தில் வக்கீலைக் கேளுங்கள், என்னை அல்ல.

லைசென்ஸ் தவிர, 16 வயது ஆனவர் எல்லாம் 25 டாலர் கொடுத்து டக் ஸ்டாம்ப் என்ற மத்திய அரசு வேட்டை முத்திரை வாங்க வேண்டும். 1934-லிருந்து இருக்கிற வழக்கம், அந்தப் பணம் சதுப்பு நிலம் வாங்கிப் பாதுகாக்கப் போகிறது. துப்பாக்கியில் ஒரே நேரத்தில் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி அடைப்பும் வைத்திருக்க வேண்டும்.

பையில தெரியாம ஒரே ஒரு ஈயத் தோட்டா கிடந்தா? அதைச் சுடவா போறேன்?

சுட வேண்டாம், வைத்திருந்தாலே தப்பு. நீர்ப்பறவை வேட்டையில் இருக்கும்போது ஈயத் தோட்டா கைவசம் இருந்தாலே அபராதம். புறா வேட்டைக்கு ஈயம் பல இடங்களில் சட்டப்படி சரி என்பதால், செப்டம்பரில் புறாவுக்குப் போட்ட அதே சட்டையை டிசம்பரில் மாட்டிக்கொண்டு போகிறவர்கள்தான் மாட்டுவார்கள். எனக்கும் ஒரு நாள் படகில் ஏறும்போது உள்பையில் ஒன்று தட்டுப்பட்டது, இருட்டோடு இருட்டாகத் திரும்பி நடந்து காரில் வைத்துவிட்டு வந்தேன். இப்போதும் அந்தச் சட்டையின் பைகளை வெளியே இழுத்துப் போட்டுத்தான் மாட்டுவேன்.

தண்ணியில நனைஞ்ச தோட்டாவைக் காய வச்சுப் போடலாமா?

வெயிலில் வைக்காதீர்கள், அடுப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம். லேசாகத் தெறித்தது என்றால் துடைத்தால் போதும். ஊறிவிட்டது என்றால், உள்ளே ஸ்டீல் மணி துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். சுட்டால் ரவையாக விரியாமல் கட்டியாகப் போகும், குழலுக்கும் கேடு. பித்தளை அடியில் துரு தெரிந்தாலோ, குலுக்கினால் சத்தமே வராவிட்டாலோ எடுத்து ஒதுக்கிவிடுங்கள்.

சாப்பிடும்போது ரவை கடிபடாதா அண்ணாச்சி?

கடிபடும். காரீயம் பல்லில் நசுங்கும், ஸ்டீல் பல்லை உடைக்கும். இறகு பிடுங்கியதும் தோலைப் பாருங்கள், சின்ன ஓட்டையில் இறகு உள்ளே சொருகியிருந்தால் அந்தத் தடத்தின் முடிவில் ரவை இருக்கும். கத்தி முனையால் எடுத்துவிடலாம்.

எங்கள் அம்மா அங்கே வந்திருந்தபோது ஒரு பச்சைத்தலைத் தாராவை நல்லமிளகு தட்டிப் போட்டு வறுக்க எடுத்தாள். மஞ்சள் தடவுகையில் விரலில் பட்ட ரவையை எல்லாம் ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டே வந்தாள், ஐந்து சேர்ந்தது. பிரிட்ஜ் காந்தத்தை எடுத்துக் காட்டினேன், நாலு ஓடிவந்து ஒட்டியது. ஒன்று கிண்ணத்திலேயே கிடந்தது, தோலுக்கு அடியில் சதை மூடி ஆறிப்போயிருந்த இடத்தில் எடுத்தது அது. பிஸ்மத்தாக இருந்தால் நொறுங்கும் என்று அங்கே அம்மிக்குழவி எதுவும் இல்லாததால் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினேன், நொறுங்காமல் வெற்றிலை மாதிரி தட்டையாகிவிட்டது. காரீயம். எந்த ஊரிலோ, எந்த வருஷமோ, யாரோ சுட்டது. “இத்தனை நாளும் இதைச் சுமந்துக்கிட்டாடா பறந்துச்சு?” என்று கேட்டுவிட்டு, அம்மா அன்றைக்குக் குழம்பு மட்டும் ஊற்றிக்கொண்டாள்.